வளவு இல்லாட்டி என்ன, துணி இருக்கு

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு என்றார்கள். எதற்கு? வீட்டுத்தோட்டம் செய்ய. எங்கே செய்வது? கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். சுனாமிக்குப் பிறகு தொடர்மாடிக்குப் போனவர்களுக்கு ஒரு முழ வளவும் இல்லை. இருக்கிற மண்ணும் கடல் மணல். ஊத்துற தண்ணி நிக்காது.

அப்போ பிளாஸ்டிக் பை வாங்கு என்கிறார்கள். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை பக்கத்தில் இருக்க, செடி வைக்கிற பையை நாங்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேணும்? உம்மாவின் தையல் மெஷின் மூலையில் கிடக்கு. கிழிந்த ஜீன்ஸ், பழைய சாறன் போதும். அடியை வட்டமாக வெட்டி இரட்டைத் தையல் போடுங்க. மண், மாட்டெரு, தும்புத்தூள் கலந்து நிரப்புங்க.

"துணி உக்கிடுமே?" உக்கும்தான். வெயிலுக்குத் தண்ணியும் கூடக் கேட்கும். ஆனா மிஞ்சின தண்ணி வடியும், காத்துப் போகும், வேர் சுருண்டு நெரிபடாது. உக்கினால் இன்னொன்று தைக்கலாம்.

நாலு கொச்சிக்காய்ச் செடியால் காணிப் பிரச்சினை தீராது என்று எங்களுக்கும் தெரியும். காணியும் கேட்போம், பையும் தைப்போம்.