பணம் கொடுத்தால் டேட்டா திரும்பி வந்துவிடுமா? ரான்சம்வேர் தாக்குதலும் முதல் 6 மணி நேரமும்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் திடீரென முடங்கின. ஓபி பதிவு முதல் லேப் ரிப்போர்ட் வரை எல்லாம் பேப்பருக்கு மாறியது. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் போன்ற பெரும்பாலான சேவைகள் மீண்டும் கணினிக்குத் திரும்ப 2 வாரங்கள் ஆயின.

நாட்டின் முன்னணி மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால், பத்து கம்ப்யூட்டர் வைத்து நடத்தும் கம்பெனி என்ன செய்யும்?

ரான்சம்வேர் என்பது என்ன?

உங்கள் வீட்டுக்கு வேறு ஒருவர் பூட்டுப் போட்டுவிட்டு, சாவிக்குப் பணம் கேட்பது போலத்தான். நெட்வொர்க்கில் நுழையும் இந்த மென்பொருள், ஃபைல்களைத் திறக்கவே முடியாதபடி மாற்றிவிடும். இப்போது பல கும்பல்கள் பூட்டுவதற்கு முன்பே டேட்டாவைத் திருடியும் வைத்துக்கொள்கின்றன. 'பணம் தராவிட்டால் வெளியிட்டுவிடுவோம்' என்பது இரண்டாவது மிரட்டல்.

எப்படி உள்ளே வருகிறார்கள்?

பெரும்பாலும் சாதாரண வழியில்தான். ஒன்று, திருடப்பட்ட பாஸ்வேர்டு. இரண்டு, 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் வரும் போலி மெயில். மூன்று, அப்டேட் செய்யாத மென்பொருள். 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளைத் தாக்கிய வான்னாக்ரை இப்படித்தான் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் சிக்கினார்கள்.

உள்ளே வந்ததும் உடனே பூட்டிவிடுவதில்லை. அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தில் 2024 பிப்ரவரி 12 அன்று திருட்டு பாஸ்வேர்டு மூலம் நுழைந்தவர்கள், 21ஆம் தேதிதான் பூட்டினார்கள். நுழைந்த வாசலில் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. இடைப்பட்ட 9 நாட்களில் டேட்டா திருடப்பட்டது. வேறு பல தாக்குதல்களில், இப்படிக் கிடைக்கும் அவகாசத்தில் பேக்கப்பையும் தேடிப்பிடித்து அழித்திருக்கிறார்கள்.

பணம் கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

சேஞ்ச் ஹெல்த்கேர் விவகாரத்தில் 2.2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. பணத்தை வாங்கிய கும்பல் காணாமல் போனது. ஆனால் 'டேட்டா எங்களிடம் இருக்கிறது' என்று இன்னொரு கும்பல் வந்து மறுபடியும் பணம் கேட்டது. காசும் போச்சு, டேட்டாவும் போச்சு.

2021 மே மாதம் தாக்கப்பட்ட அமெரிக்க எரிபொருள் நிறுவனமான கொலோனியல் பைப்லைன், 75 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். கிடைத்த சாவி அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால், சொந்த பேக்கப்பையும் வைத்துத்தான் மீள வேண்டியிருந்தது. கொடுத்ததில் 63.7 பிட்காயினை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்காது.

எய்ம்ஸைக் காப்பாற்றியது எது? பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வர். அதிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் டேட்டா முழுவதும் மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது.

தாக்குதல் நடந்தால் முதலில் என்ன செய்வது?

* பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். முடிந்தவரை ஆஃப் செய்யாதீர்கள். மெமரியில் உள்ள தடயம் அழிந்துவிடும். இணைப்பைத் துண்டிக்க வழியே இல்லை என்றால் மட்டும் ஆஃப் செய்யலாம்.
* 'பேக்கப் சரியாக இருக்கா பார்ப்போம்' என்று ஹார்டு டிஸ்க்கைச் செருகாதீர்கள். அதுவும் பூட்டிக்கொள்ளும்.
* மிரட்டல் செய்தியை போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வகை ரான்சம்வேர் என்று கண்டுபிடிக்க உதவும். சில வகைகளுக்கு, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் பங்கேற்கும் 'நோ மோர் ரான்சம்' திட்டத்தில் இலவச சாவி கிடைக்கிறது.
* தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2022 முதல் கட்டாயம். சைபர் கிரைம் போலீஸில் புகார் அளிக்க 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.
* எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியாமல் டேட்டாவை மீண்டும் ஏற்றாதீர்கள். ஓட்டையை அடைத்து, பாஸ்வேர்டுகளை மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அதே வாசல் வழியாக மறுபடியும் வருவார்கள்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

நிபுணர்கள் சொல்லும் எளிய கணக்கு 3-2-1. டேட்டாவுக்கு 3 பிரதிகள், 2 வெவ்வேறு வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். குறைந்தது ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு இணைக்கப்படாமல் இருப்பது முக்கியம். எப்போதும் சர்வரில் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க், சர்வரோடு சேர்ந்தே போய்விடும்.

எய்ம்ஸ் நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே தாக்குதலுக்குக் காரணம் என்று முதற்கட்ட ஆய்வில் தெரியவந்தது. கணக்குப் பிரிவு, பில்லிங், சிசிடிவி எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், ஒரு கம்ப்யூட்டரில் விழுந்த தீ எல்லாவற்றுக்கும் பரவும். தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

பேக்கப் இருக்கிறது என்று நம்பினால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதிலிருந்து சில ஃபைல்களை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், தாக்குதல் நடக்கும் நாளில் கைகொடுக்காது.