சிவப்பு விளக்கு எரியும்போது

கொல்கத்தாவில் எனக்கு ஒரு கிடாரிஸ்ட் நண்பர் உண்டு. சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற கிடார் அல்ல. மின்சாரம் தேவைப்படாத, நைலான் தந்தி கட்டிய க்ளாசிகல் கிடார். பாக், சோர், தாரெகா என்று வாசிப்பார். பகலில் வங்கி உத்தியோகம். இருபது வருடம் மாலை வேளைகளில் வாசித்த பிறகு, சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு ஸ்டூடியோவை இரண்டு நாளைக்குப் பதிவு செய்திருந்தார். நான்கு நாள் இருக்கும்போது போன் செய்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது போல் குரலில் பதற்றம். விஷயம் இதுதான்: பஸ் கதவில் இடித்து வலது கை மோதிர விரல் நகம் உடைந்துவிட்டது.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவர் விளக்கினார். வயலின்காரருக்கு வில் எப்படியோ, இவர்களுக்கு வலது கை நகம் அப்படி. ஒவ்வொரு விரலிலும் நகத்துக்கு ஓர் அளவு, ஒரு வளைவு. தினமும் மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நகத்தின் ஓரத்தில் சொரசொரப்பு இருந்தால் அது ஒலியிலும் கேட்கும். அவர் பதிவு செய்யவிருந்தவற்றில் ஒன்று தாரெகாவின் 'அல்ஹாம்ப்ராவின் நினைவுகள்'. ட்ரெமலோ என்ற உத்தியில் அமைந்தது. கட்டை விரல் ஒரு ஸ்வரத்தைத் தட்ட, மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் மூன்றும் வரிசையாக ஒரே தந்தியை மீட்ட வேண்டும். நான்கு நிமிடத்துக்கு நிற்காமல். காதுக்கு அது நீர் வழிவது போல் கேட்கவேண்டும். ஒரு நகம் குட்டையானால் அந்த ஓட்டம் நொண்டும். ஒற்றைச் செருப்போடு நடப்பது போல.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பிங்பாங் பந்து. அதை நக வடிவில் வெட்டி, பசை போட்டு ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வது. உலகமெங்கும் க்ளாசிகல் கிடார்காரர்களுக்குத் தெரிந்த கைவைத்தியம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படைப்பை எழுதிய தாரெகாவே கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையால்தான் வாசித்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எட்டு மணி நேரம் அசுர சாதகம் செய்துகொண்டிருப்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரே பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பதிவுக்கு முந்தைய வாரத்தில் பயிற்சி நேரத்தைக் குறைத்துவிடுவாராம். களைத்த கையோடு ஸ்டூடியோவுக்குப் போகக்கூடாது. வேகமாக வாசித்தால் விரலுக்குத் தெரிந்தது மட்டும்தான் வரும். மெதுவாக வாசித்தால்தான் மனசுக்கு எது தெரியாது என்பது வெளியே வருமாம்.

இன்னொரு பயிற்சி எனக்குப் புதிது. என்னிடம் நோட்டைக் கொடுத்து, ஏதாவது ஓர் இடத்தில் விரலை வைக்கச் சொன்னார். அந்த இடத்திலிருந்து வாசித்தார். மேடையில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டம். ஸ்டூடியோவில் அப்படியல்ல. நாற்பதாவது பாரில் பிசகினால் முப்பத்தாறிலிருந்து மறுபடி வாசித்து ஒட்டவேண்டும். அதே வேகம், அதே சத்தம், அதே மனநிலை. அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் வேகத்தை எண்ணாகக் குறித்து வைத்திருந்தார்.

தந்திகளைக்கூட மூன்று நாள் முன்பே மாற்றிவிட்டார். புது நைலான் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. ரொம்பப் பழசானால் கீழ்த்தந்திகளின் பளபளப்புப் போய்விடும். அந்த மூன்று கீழ்த்தந்திகள்தான் இன்னொரு எதிரி. அவற்றின் மேல் உலோகக் கம்பி சுற்றியிருப்பதால் இடது கை விரல் நகரும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். அரங்கில் பத்தாவது வரிசைக்கு அது கேட்காது. மைக்குக்கு எல்லாம் கேட்கும். மூச்சு விடுவது, நாற்காலி முனகுவது, கஞ்சி போட்ட சட்டை உரசுவது. அதனால் துவைத்துத் துவைத்து நைந்த ஒரு சட்டை தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

மைக் இவ்வளவு கொடுமைக்காரன் என்றாலும் கிடாருக்கு வாழ்வு கொடுத்ததும் அவன்தான். 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வரும் வரை இசைத்தட்டுக்காரர்கள் பெரிய கூம்புக் குழாயின் முன் கத்திப் பாடச் சொன்னார்கள். மெல்லிய குரல் கொண்ட கிடாருக்கு அது லாயக்கில்லை. ஸ்பெயினின் ஆந்த்ரே செகோவியா 1927-ல் லண்டனில் ஹெச்.எம்.வி.க்காகப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 34. அப்போது இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் நாலரை நிமிடம். வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. கடைசி வரியில் பிசகினால் அந்த மெழுகுத்தட்டு அவ்வளவுதான், மறுபடி ஆரம்பம். 1902 நவம்பரில் இதே கொல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதும் இப்படித்தான். பாடி முடித்து, தட்டு தீர்வதற்குள் தன் பெயரையும் சொன்னாரே, அந்தத் தைரியத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

காந்த நாடா வந்த பிறகு கத்தரிக்கோல் வந்தது. கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964-ல் மேடையையே விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போனார். பாக்கின் ஒரு ஃப்யூகை எட்டு முறை வாசித்ததில் ஆறாவதும் எட்டாவதும் பிசகில்லாமல் அமைந்தன. ஆனால் ஒன்று ரொம்ப கனம், மற்றது ரொம்பத் துள்ளல். ஆறாவதின் நடுவில் எட்டாவதைச் செருகினார்கள். தனித்தனியே கிடைக்காதது சேர்த்தபோது கிடைத்தது என்று 1966-ல் அவரே எழுதினார். ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளித்தார்கள். எழுத்தாளன் அடித்துத் திருத்துவதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

இங்கிலாந்தின் ஜூலியன் ப்ரீம் வேறு வழி கண்டார். வில்ட்ஷையரில் வார்டர் மாளிகையின் சிற்றாலயத்தில் பல இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். சுவர் திருப்பித் தரும் ஒலி வாசிப்பவனுக்குத் துணை. 1984-ல் கார் விபத்தில் அவருடைய வலது கை மோசமாகக் காயமடைந்தது. தேறி வந்து மறுபடி வாசித்தார். இதை நண்பரிடம் சொன்னேன். ஒட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"நிஜமாக எதற்குப் பயம்?" என்று கேட்டேன். மேடையில் தப்பு காற்றோடு போய்விடும், இங்கே தங்கிவிடும் என்றார். சிவப்பு விளக்கு எரிந்ததும் 'தப்பு வரக்கூடாது' என்ற ஒரே நினைப்பு பிடித்துக்கொள்ளும். விரல் இறுகும், உடனே தப்பு வரும். வராவிட்டால் இன்னும் மோசம். சுத்தமாக, உயிரில்லாமல் ஒரு வாசிப்பு பதிவாகிவிடும். அதனால் ஒரு வாரமாக வீட்டில் ரெகார்டரை ஓடவிட்டுத்தான் வாசிக்கிறார். அண்டை வீட்டுக்காரர்களை உட்காரவைத்து முழுதாக வாசிக்கிறார். பிசகினாலும் நிறுத்துவதில்லை. தப்புக்கு அடுத்த ஸ்வரத்தைத் தப்பாமல் வாசிப்பதுதான் அந்த வாரத்தின் பயிற்சி.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் கூப்பிட்டார். அல்ஹாம்ப்ராவை ஏழு முறை வாசித்திருந்தார். ஆறாவதில் குறையே இல்லை. இரண்டாவதில் ஓரிடத்தில் தந்தி கீச்சிடுகிறது. இரண்டையும் எனக்குப் போட்டுக் காட்டினார். சங்கீத ஞானம் இல்லாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஆறாவதில் ஒருவர் ஜாக்கிரதையாக இருந்தார். இரண்டாவதில் ஒருவர் எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

கீச்சிடும் இடத்தில் மட்டும் ஆறாவதிலிருந்து எடுத்து ஒட்டலாம், யாருக்கும் தெரியாது என்று ஒலிப்பதிவாளர் சொன்னாராம். கூல்டை நம்புகிற நண்பர் கொள்கையளவில் மறுக்கவில்லை. ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டு தெரியவில்லை. ஆனால் அந்த நான்கு பாரில் மட்டும் ஜாக்கிரதைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவதே இருக்கட்டும், கீச்சோடு, என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் நகம் வளர்ந்துவிட்டது. பதிவில் காலமெல்லாம் கேட்கப்போவது என்னவோ பிங்பாங் பந்துதான்.