குளிரின் தலையில் பழி

மார்கழி பிறந்துவிட்டால் வன்னியில் எந்தக் கராஜுக்குப் போனாலும் ஒரே மறுமொழிதான். "குளிர் அண்ணை, அப்பிடித்தான் இருக்கும்." விடியப்புறம் மோட்டார் சைக்கிள் ஸ்ரார்ட் வராவிட்டாலும் குளிர். ஸ்ரார்ட் வந்து, நாலு தரம் இருமி, றேஸை விட்டவுடன் நின்றுபோனாலும் குளிர். பத்து மணி வெயிலிலும் அதே கூத்துத்தான் என்று சொன்னால், "இரவு முழுக்கக் குளிருக்க நிண்டதெல்லோ" என்கிறார்கள்.

அப்படி என்ன குளிர் இங்கே கொட்டுகிறது? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தை மாத விடியற்காலையில் 20, 21 பாகை இருக்கும். மனிதருக்கு ஒரு போர்வை தேவைதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன; அந்தக் குளிரை நான் மறுக்கவில்லை. ஆனால் காபரேற்றர் மாடு இல்லையே! நுவரெலியாவில் தை, மாசி விடியலில் புல்லின்மேல் உறைபனி படிகிறது. அங்கே ஓட்டோ ஓடாமலா இருக்கிறது? கனடாவிலிருக்கும் மச்சான் வேறு, முழங்கால் ஆழப் பனிக்குள் நாலு சில்லு பைக் ஒன்றை ஓட்டி வீடியோ அனுப்புகிறான். பழைய வண்டியாம், அதிலும் காபரேற்றர்தானாம். அத்தோடு நிற்கிறானா? "மச்சான், சோக்கை இழுத்துப் பாத்தனீயோ?" என்று எனக்குப் பாடமும் எடுக்கிறான்.

சோக் இருந்தால்தானே இழுக்க! வருசத்தில் பத்து மாதம் தேவைப்படாத சாமான் என்று, வேறு ஏதோ வேலைக்குக் கராஜில் விட்டபோது அதன் வயரைக் கழற்றிப்போட்டு விட்டார்கள். கேட்டால், "உது இஞ்ச ஒருத்தரும் பாவிக்கிறேல்லை அண்ணை" என்கிறார்கள். பாவிக்க வேண்டிய மாதத்தில்தான் நான் வந்து நிற்கிறேன்.

எரிவது பெற்றோல் அல்ல, அதன் ஆவி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோல் முழுவதும் ஆவியாகாது. ஒரு பங்கு துளியாகவே குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உள்ளே போகும் கலவையில் காற்றுக் கூடிவிடும். சோக் என்பது காற்றைக் குறைத்தோ பெற்றோலைக் கூட்டியோ அதைச் சரிக்கட்டுகிற ஏற்பாடு. எஞ்சின் கொஞ்சம் சூடேறியதும் தள்ளிவிட வேண்டும்; மறந்தால் பிளக் கரிபிடிக்கும். குளிருக்கு உரிய பங்கு அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. சூடேறிய பிறகும் இருமுகிற எஞ்சினுக்கு வருத்தம் வேறு.

இதை வன்னிச் சனத்துக்கு விளக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 சமாதானம் வரை இழுத்தது. பெற்றோல் மருந்துபோல அருமை. எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் என்றாலும் ஒஸ்ரின் கார் என்றாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பிடிக்காது. ஆகவே சூப்பிப் போத்தலில் துளியளவு பெற்றோல் வைத்திருந்து, அதைக் காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெயில் விடுவோம். குளிர்ந்த எஞ்சினுக்கு என்ன தேவை என்பது அன்று அரைக் காற்சட்டைப் பொடியனுக்கும் தெரியும். அந்தப் பொடியன்களில் சிலர்தான் இன்று கராஜ் முதலாளிகள்.

சரி, குளிர் இல்லையென்றால் என்ன? பெரும்பாலும் தண்ணீர். மாரிமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. தாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே இறங்கும். தாங்கி அரைகுறையாகக் கிடந்தால் இரவு ஈரம் உட்சுவரில் வியர்த்துச் சொட்டும். பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கிக்குள் மழைநீர் கசிந்தால் காசு கொடுத்தே தண்ணீர் வாங்குகிறோம். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம். காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் போய்த் தங்கும். கூடவே தாங்கியின் துருவும் கிரவல் றோட்டுப் புழுதியும் சேர்ந்து சிலோ ஜெட்டை அடைக்கும். ஊசிமுனை அளவு துளை அது. சிலோவில் எஞ்சின் உயிர்வாழ்வதே அந்தத் துளையால்தான். அதனால்தான் றேஸ் கொடுத்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுபோகிறது.

கிண்ணத்தின் அடியில் ஓர் ஆணி இருக்கிறது. அதை இளக்கி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் தண்ணீர் தனியே தெரியும். ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்தால் மிச்ச வேலையும் முடிந்தது. கம்பி விட்டுக் குத்தக்கூடாது. பித்தளைத் துளை பெருத்துவிடும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை. அதைச் செய்யச் சொன்னால், "அண்ணை, காபரேற்றர் முடிஞ்சுது, புதுசு போடுவம்" என்கிறார் கராஜ் தம்பி. புதுசு என்பது ஏதோ ஒரு கொப்பி. அதைப் போட்டவர்களைக் கேட்டால் பெற்றோல் கூடக் குடிக்குதாம்.

இல்லாவிட்டால் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து எயார் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். மார்கழியில் ஒருவர் உள்ளே திருகுவார், பங்குனியில் இன்னொருவர் வெளியே. சில காபரேற்றரில் அந்த ஸ்க்ரூ காற்றை அளக்கும், சிலதில் பெற்றோலை அளக்கும். திருகவேண்டிய பக்கம் நேர் எதிர். எது எந்த வகை என்று பார்த்துவிட்டுத் திருகிய கையை நான் இன்னும் காணவில்லை.

இதற்கிடையில் பால் கான் இரண்டையும் கட்டிக்கொண்டு விசுவமடுவில் நான் உதைத்துக்கொண்டு நிற்கிறேன். பால் எடுக்கும் இடத்தில் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பால் புளித்தால் குளிரா காசு தரும்?

"வித்துப்போட்டுப் புதுசு எடுங்கோவன்" என்று மனிசி சொல்கிறாள். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதே வருசம் ஏப்ரல் முதலாம் திகதி இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்து, அங்கே மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறின. அவர்கள் காபரேற்றரைக் கைவிட்ட வேளையில் நாங்கள் அதோடு அடைபட்டோம். 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. ஆனால் இப்போதைய விலையைக் கேட்டால் மனிசியே வாய் திறக்கமாட்டாள்.

2022 எரிபொருள் வரிசைக் காலத்துப் போத்தல் பெற்றோல் செய்த அநியாயமும் இருக்கிறது. அந்த ஆடியில் பெற்றோல் லீற்றர் 450 ரூபா, மண்ணெண்ணெய் 87. கலக்காமல் விடுவார்களா? ஆவணியில் மண்ணெண்ணெயும் 340 ஆனபிறகுதான் அந்த ஆசை கொஞ்சம் அடங்கியது. ஆனால் அந்தக் கலவை குடித்த எஞ்சின்கள்தான் இன்னும் ஓடுகின்றன.

மறுபடி தண்ணீருக்கே வருகிறேன். பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பசை உண்டு. அளவுகோலின் நுனியில் பூசி இறக்கினால், தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும். ஒரு பெரு மழை ஓய்ந்த காலையில் பெற்றோல் செட்டில், அதைப் பூசிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஐயா, முதல்ல உங்கட தாங்கியைக் கழுவுங்கோ" என்றார்கள். என்னுடையதைக் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டியாயிற்று. இனி அவர்கள் தங்களுடையதைக் கழுவட்டும்.