தகட்டுக்கு ஒரு கணக்கு உண்டு

'ஸ்டீரியோடைப்' என்றால் பெண்களைப் பற்றிய தவறான எண்ணம் என்று மாணவிகள் தேர்வில் எழுதுகிறார்கள். பாடநூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. எண்ணம்தான் சிக்கல் என்றால் மனம் மாறினால் போதும். இந்த வசதியான விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்தச் சொல் பிறந்தது அச்சுக்கூடத்தில்.

கிரேக்கத்தில் 'ஸ்டெரியோஸ்' என்றால் திடமானது. 'டைப்போஸ்' என்றால் அடி. அடித்ததில் பதிந்த தடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் அச்சாளர் ஃபிர்மேன் திதோவின் பட்டறையோடு சேர்ந்து வழங்கிய பிரெஞ்சுச் சொல், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கோத்த பக்கத்தின்மேல் சாந்தையோ காகிதக் கூழையோ அழுத்திப் படியெடுப்பார்கள். அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் முழுப் பக்கமும் ஒரே தகடாகும். மறுபதிப்புக்கு மீண்டும் அச்சுக்கோக்க வேண்டாம். கூலி மிச்சம்.

1922இல் வால்டர் லிப்மன் 'பப்ளிக் ஒபினியன்' நூலில் இச்சொல்லை மனப்படிமங்களுக்கு எடுத்தாண்டார். சொல் தலைக்குள் குடியேறியது. உலையும் முதலாளியும் கூலிக்கணக்கும் வெளியே நின்றுவிட்டன.

அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவருவோம். 'பொறுமையின் வடிவம் தாய்' என்ற தகடு யாருக்கு மிச்சம் பிடித்துத் தருகிறது? அடுப்படியில் கழியும் ஆயுளுக்குக் கூலி கேட்காமலிருக்க அது உதவுகிறது. அங்கன்வாடி ஊழியரைக் 'கௌரவ ஊழியர்' என்றும், அவருக்குத் தரும் பணத்தை 'மதிப்பூதியம்' என்றும் மத்திய அரசு அழைக்கிறது. குழந்தை வளர்ப்பு பெண்ணின் இயல்பு என்றாகிவிட்டால் சம்பளம் எதற்கு?

"பெண்களே இதை நம்புகிறார்களே" என்பார்கள். அடிபட்டுப் பதிந்த தடத்தைப் பார்த்து, நீ ஏன் இந்த வடிவில் இருக்கிறாய் என்று கேட்பதுபோல் இருக்கிறது இது.

தகட்டில் பிழை திருத்தவும் வழி இருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறு எழுத்தைப் பற்றவைப்பார்கள். மீதிப் பக்கம் அப்படியே அச்சாகும். இன்றைய விளம்பரங்களில் வருகிற 'சாதனைப் பெண்' அப்படிப் பற்றவைத்த எழுத்து. பகலில் அறுவைச் சிகிச்சை செய்கிறாள். மாலையில் காபி போடுவதும் அவள்தான்.

தேய்ந்த தகட்டை அச்சுக்கூடத்தில் உருக்கிவிடுவார்கள். லாபம் தருகிற தகட்டை எவரும் தாமாக உலையில் போட்டதில்லை. எனவே, மனம் மாறுங்கள் என்று இனிக் கெஞ்ச வேண்டாம். இதனால் உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்போம். வீட்டிலும் கேட்போம், அரசிடமும் கேட்போம். கணக்கு வெளியே வந்தால்தான் உலை மூட்ட முடியும்.