குழறிய சொல்லும் கட்டளையே

பக்கவாதத்திற்குப் பின்னும் நடுக்குவாதத்திலும் பலருக்கு நா குழறுகிறது. வீட்டார் நாளடைவில் அப்பேச்சைப் பழகிப் புரிந்துகொள்கின்றனர். கைப்பேசிக்கு அது விளங்குவதில்லை. குரலை அறியும் மென்பொருள்கள் பெரும்பாலும் தெளிவாகப் பேசுவோரின் பதிவுகளைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டமை இதற்குக் காரணம்.

இந்நிலைக்கு ஒரு மாற்று வந்துள்ளது. 2024இல் வெளியான ஐஓஎஸ் 18, ஐபோனில் 'வோக்கல் ஷார்ட்கட்ஸ்' என்னும் வசதியைச் சேர்த்தது. நோயாளி தாம் விரும்பும் சொல்லை மும்முறை கூறிப் பதிவு செய்து, அதனுடன் ஒரு செயலை இணைத்துவிட்டால் போதும். கூகுள் 2021இல் அறிவித்த 'ப்ராஜெக்ட் ரிலேட்' முழுப் பேச்சையும் விளங்கிக்கொள்ள முனைவது. ஆயின் அதற்கு 500 தொடர்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. களைத்த நாவிற்கு மும்முறையே எளிது.

"பேச்சு தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பல குடும்பங்கள் காத்திருக்கின்றன. இது தேவையற்ற காத்திருப்பு என்பதே என் கருத்து. 'தண்ணி' என்பது 'அண்ணி' என்று ஒலித்தால், அவ்வாறே பதிவு செய்யுங்கள். (அண்ணி உடன் வசிக்கும் வீடாயின் வேறு சொல்லைத் தேர்வது நலம்.) பதிவின்போது "சரியாகச் சொல்லுங்கள்" என்று திருத்துவது வேண்டா. முயன்று திருத்திய ஒலி ஒன்று, மாலையில் சோர்வுடன் வரும் ஒலி வேறு. பதிவில் இருக்க வேண்டியது பின்னதே. உச்சரிப்புத் திருத்தம் பயிற்சி நேரத்திற்கு உரியது.

முதற்கட்டளை எது என்பதையும் நோயாளியே முடிவு செய்யட்டும். பிள்ளைகள் விளக்கையும் மின்விசிறியையும் நினைக்கின்றனர். அவர் பேத்தியை அழைக்க விரும்பலாம், பாட்டு ஒன்றைக் கேட்க விரும்பலாம். பிறர் கையை எதிர்பாராது ஒன்றைச் செய்வது, அவருக்கு நெடுநாள் கிட்டாதிருந்த ஒன்று.

எல்லோருக்கும் இது பொருந்தாது. சொல்லே நினைவுக்கு வாராத பேச்சிழப்பு நிலையில் பயன் குறைவு. அவர்களுக்குப் படஅட்டைகள் ஏற்றவை. நோய் முற்றுந்தோறும் குரல் மாறுமாதலால், கருவி தவறத் தொடங்கினால் மறுபதிவு செய்ய வேண்டும். அவசர உதவிக்கு இதை மட்டும் நம்புதல் ஆகாது. கட்டிலருகே அழைப்பு மணி இருந்தே தீர வேண்டும்.

உதவி வேண்டுவோர் பேச்சுப் பயிற்சிக்கு வரும் நாளில் நோயாளியின் கைப்பேசியையும் உடன் கொண்டு வரலாம்.