காப்பி வேண்டாம், லிங்க் கொடுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் இந்தத் தவறைச் செய்திருப்போம். பவர்பாயிண்ட்டில் ஒரு வீடியோவை லிங்க் ஆக இணைத்து, அந்த பிரசண்டேஷன் பைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் செல்வோம். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் வீடியோ ஓடாது. அன்றோடு 'லிங்க்' என்ற சொல்லே பிடிக்காமல் போய்விடும். பிறகு எதற்கும் காப்பி, பேஸ்ட்தான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். செண்பகனூரில் ஒரு ஸ்டீல் மேஜை என் எண்ணத்தை மாற்றியது.

என் மைத்துனர் அங்கே வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடைக்கானல் கடைகளுக்குக் கொடுக்கிறார். வீட்டின் பின்புறம் இதற்கென ஒரு அறை கட்டினார். சாக்லேட் உருக்கும் மெஷின், ப்ரீசர், பேக்கிங் மேஜை, இன்வெர்ட்டர், வெளியே காஸ் சிலிண்டர். எது எங்கே வர வேண்டும் என்று வரைந்து தரும் பொறுப்பு எனக்கு. கட்டடத்தை என்ஜினியர் ரெவிட் சாப்ட்வேரில் மாடலாகச் செய்து அனுப்பியிருந்தார். நான் அதைத் திறந்து, 'சேவ் அஸ்' கொடுத்து, அதன் மேலேயே பொருட்களை அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மலைச் சரிவில் கட்டுமானம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பின்பக்கம் மண்ணை வெட்டியபோது பாறை வந்தது. உடைப்பதை விட சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளுவது மேல் என்று என்ஜினியர் முடிவு செய்தார். தன் பைலைத் திருத்தினார், கொத்தனாரிடம் சொன்னார். என்னிடம் இருந்த காப்பியில் சுவர் பழைய இடத்திலேயே நின்றது. அதை நம்பி ஏழு அடி மேஜைக்கு ஆர்டர் கொடுத்தோம். மேஜை மலையேறி வந்து சேர்ந்தது. உள்ளே வைத்தால் கதவு பாதிதான் திறந்தது. வெட்டி, மறுபடி வெல்டிங் செய்து, பாலீஷ் போட்டு... செலவை விடுங்கள், மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் மேஜையையே பார்த்துக் கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தவறு என்ஜினியருடையது அல்ல. சுவர் அவருடையது, மேஜை என்னுடையது. இரண்டையும் ஒரே பைலில் போட்டுக் குழப்பியது நான்.

சரியான முறை இதுதான். உபகரணங்களுக்கு என்று தனியாக ஒரு பைல் தொடங்குங்கள். அதில் இன்ஸர்ட் டேப் சென்று 'லிங்க் ரெவிட்' தேர்ந்தெடுத்து, என்ஜினியரின் பைலைக் காட்டுங்கள். இப்போது கட்டடம் உங்கள் பைலுக்குள் தெரியும், ஆனால் அதில் சேராது. உங்கள் பைலில் இருப்பது அதன் முகவரி மட்டுமே. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த முகவரிக்குச் சென்று இருப்பதைப் படித்துக் காட்டும். கை தவறிச் சுவரை நகர்த்திவிடவும் முடியாது. அந்தக் கட்டடத்தை 'பின்' செய்துவிட்டால் அது மொத்தமாக இடம் மாறும் பயமும் இல்லை.

லிங்க் கொடுக்கும்போது 'பொஸிஷனிங்' என்று ஒன்று கேட்கும். இதில் அவசரப்படாதீர்கள். 'இன்டர்னல் ஆரிஜின் டு இன்டர்னல் ஆரிஜின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பைல்களின் தொடக்கப் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். கட்டடத்தின் எந்த மூலை தொடக்கம், எந்தத் தரை பூஜ்யம் என்பதை முதல் நாளே போனில் பேசி எழுதி வைத்துக் கொள்ளுங்கள். சமவெளியில் இதை விட்டாலும் சமாளிக்கலாம். செண்பகனூரில் ரோடு ஒரு மட்டம், வீட்டு வாசல் ஒரு மட்டம், பின்னறை இன்னொரு மட்டம். அவர் ரோட்டைப் பூஜ்யமாகவும் நான் அறைத் தரையைப் பூஜ்யமாகவும் வைத்தால் ப்ரீசர் அந்தரத்தில் நிற்கும்!

அடுத்தது போல்டர். இரண்டு பைல்களும் ஒரே போல்டருக்குள் இருக்கட்டும். 'மேனேஜ் லிங்க்ஸ்' பகுதியில் பாத் டைப் 'ரிலேடிவ்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகும்போது பைலை அல்ல, போல்டரையே காப்பி செய்யுங்கள். பவர்பாயிண்ட் வீடியோ விஷயத்தில் நாம் தவறவிட்டதும் இதைத்தான். என்ஜினியர் 'பைனல்', 'பைனல் 2', 'புது பைனல்' என்று பெயர் மாற்றி அனுப்பினால் லிங்க் பழைய பைலையே பிடித்துக் கொண்டிருக்கும். பெயர் மாறாமல் பழையதன் மேல் புதியதைப் போடுங்கள்; பழையதைத் தேதியிட்டுத் தனி போல்டரில் வையுங்கள். இருவரும் ஒரே ஆண்டின் ரெவிட் பதிப்பைப் பயன்படுத்துவதும் அவசியம். புதிய பதிப்பில் சேவ் செய்ததைப் பழைய பதிப்பு திறக்காது.

ரெவிட் விலை அதிகம், விண்டோஸில் மட்டுமே இயங்கும். மாணவர்களுக்கு இலவசம், மற்றவர்கள் சில நாள் சோதித்துப் பார்க்கலாம். ஆட்டோகேடில் இதே வேலையை 'எக்ஸ்ரெப்' செய்யும். இலவசமான ப்ரீகேடிலும் லிங்க் வசதி உண்டு. இரண்டு பைல்களையும் முதலில் சேவ் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு அறைக்கு இவ்வளவு எதுக்கு மச்சான்? மேலே அப்சர்வேட்டரியை லிங்க் போட்டா கட்டினாங்க?" என்று மைத்துனர் கேட்டார். நல்ல கேள்விதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஒரு சுரங்கத் தொலைநோக்கி இருக்கிறது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் 60 செ.மீ. கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்து, 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. அங்கே கருவிக்காகவே கட்டடம். லென்ஸ் கேட்ட நீளத்தைச் சுரங்கம் கொடுத்தாக வேண்டும். நம் வீட்டில் கதை தலைகீழ். பாறை சொல்வதைச் சுவர் கேட்கிறது, சுவர் சொல்வதை மேஜை கேட்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், சின்ன வேலைக்குத்தான் லிங்க் அதிகம் தேவை. பெரிய அலுவலகத்தில் மாற்றங்களைப் பார்த்து எல்லோருக்கும் சொல்ல ஒரு ஆள் இருப்பார். நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

லிங்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. என்ஜினியர் மாற்றியது உங்கள் படத்தில் சத்தமில்லாமல் வந்து உட்காரும். எது மாறியது என்று தானாகச் சொல்லாது. தள மட்டங்களையும் முக்கியச் சுவர்களையும் 'காப்பி/மானிட்டர்' மூலம் கண்காணிக்கச் சொன்னால், மாற்றம் வரும்போது எச்சரிக்கும். பட்டறைக்கு ஒருபோதும் பைலைக் கொடுக்காதீர்கள். தேதி போட்ட பிடிஎப் மட்டும் கொடுங்கள். எந்தத் தேதிப் படத்தைப் பார்த்து வெட்டினார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

போன வாரம் ப்ரீசருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் 'ரீலோட்' கொடுத்தேன். பூச்சு வேலையைச் சேர்த்துச் சுவர் ஒரு இன்ச் தடித்திருந்தது. ஒரு அளவு சிறிய ப்ரீசராக மாற்றிக் கொண்டோம்.