தலையிடிக்கு அளவுகோல் உண்டா?

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பது எம்மவர் நாவிற் பழகிய மொழி. காய்ச்சலைப் பொறுத்தவரையில் இம்மொழி பொய்த்து நெடுநாளாயிற்று. வெப்பமானியை நாவின்கீழ் வைத்தால், நோயாளி வாய் திறந்து சொல்லாமலே அவருடைய காய்ச்சல் இத்தனை பாகை என்று அயலவரும் அறிவர். தலையிடியோ இன்றும் பழமொழிக்குள்ளேயே நிற்கின்றது. இடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புகிறோம், அல்லது நம்பாமல் விடுகிறோம். பாடசாலைக்குப் போக மனமில்லாத பிள்ளை சொல்வதும் தலையிடிதான். மூளையிற் கட்டி வளரப்பெற்றவர் சொல்வதும் தலையிடிதான்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டது ஒரு தனிவகைத் தலையிடி. மண்டையோட்டின் உள்ளே அமுக்கம் கூடியவர்களுக்கு வருவது. அமுக்கத்தை அளக்கலாம், ஆகவே இந்தத் தலையிடியையாவது அளந்துவிடலாம் என்று வாசகர் எண்ணக்கூடும். மருத்துவரிற் பலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். அந்த எண்ணம் எவ்வாறு தளர்ந்தது, அதனிடத்தில் இன்று எதைத் தேடுகின்றனர் என்பதே நமது விடயம்.

முதலில் அமுக்கம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வளர்ந்த மனிதனின் மண்டையோடு விரிந்துகொடாத ஓர் எலும்புப் பெட்டி. அதனுள்ளே மூளையும், குருதியும், மூளையைச் சூழ்ந்து நிற்கும் தெளிந்த நீரும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்து இடங்கொடுத்தல் வேண்டும். இல்லையேல் உள்ளமுக்கம் ஏறும். எடின்பரோவிலே உடற்கூற்றியல் கற்பித்த அலெக்சாண்டர் மன்றோ இக்கருத்துக்கு 1783 இல் அடிகோலினார். மூளையைச் சூழ்ந்த நீர் ஒரு வேளையில் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர்தான். ஒரு தேநீர்க் கோப்பையளவு. ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கிறது. சுரக்குமளவுக்குக் குருதியில் வடிந்துகொண்டும் இருப்பதால் கோப்பை வழிவதில்லை. 1,400 கிராம் அளவான மூளை இந்நீரில் மிதப்பதனால் 50 கிராம் பொருளைப்போல இலேசாகிவிடுகிறது. ஆர்க்கிமிடீசின் தத்துவம் படிக்கும் மாணவர், கிணற்று வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை பாரம் தெரியாமையை நினைத்துக்கொள்ளலாம்.

வடிகால் மந்தமானால் அமுக்கம் ஏறும். அதனை அளக்கும் வழியைத் தந்தவர் ஜேர்மனியின் கீல் நகரத்து மருத்துவர் ஹைன்றிக் குவிங்கெ. 1891 இல் அவர் இடுப்புப் பகுதியின் முள்ளெலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, நீர் குழாயில் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்று பார்த்தார். நோயாளியைப் பக்கவாட்டிற் கிடத்தி இன்றும் அவ்வாறே அளக்கின்றனர். வளர்ந்தவர்க்கு 25 சென்ரிமீற்றர் என்பது எல்லைக்கோடு.

கட்டியினாலோ குருதிக்கசிவினாலோ அமுக்கம் ஏறுதல் எளிதில் விளங்கும். இவை எவையுமின்றி ஏறுவதுதான் விளங்காத புதிர். ஹம்பேர்க் நகர மருத்துவர் மாக்ஸ் நொன்னெ 1904 இல் அதற்குப் போலிக் கட்டி என்று பொருள்படும் ஒரு பெயரை இட்டார். அமெரிக்க அறுவை மருத்துவர் வோல்ற்றர் டான்டி 1937 இல் இத்தகைய 22 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கே, அவருள்ளும் உடல் நிறை மிகுந்தவர்க்கே இது பெரும்பாலும் வருகிறது. மெலிந்தவரும் ஆடவரும் சிறுவரும் முற்றாகத் தப்பியவரல்லர்.

சில மருந்துகளும் இதே நிலையை உண்டாக்கும். முகப்பருவுக்குக் கொடுக்கும் தெற்றாசைக்கிளின் வகை மருந்துகளும், விற்றமின் ஏ யின் இனத்தைச் சேர்ந்த ஐசோதிரெற்றினோயினும் அவற்றுட் சில. முகப்பருவைப் பற்றிக் கவலைப்படும் வயதில் உள்ள மாணவர் இதனை நினைவில் வைத்தல் நன்று. இங்கே ஒரு பழங்கதை. 1597 இல் வடதுருவக் கடற்பகுதியிற் சிக்கியிருந்த வில்லெம் பாரென்ற்ஸ் என்பவரின் ஒல்லாந்த மாலுமிகள், துருவக் கரடியின் ஈரலை உண்டு கடும் நோயுற்றனர்; மூவருக்குத் தலைமுதற் கால்வரை தோல் உரிந்தது. பிற்காலத் துருவப் பயணிகளிற் பலர் அதே ஈரலை உண்டு தலையிடியாலும் வாந்தியாலும் வருந்தினர். அதனுள்ளே விற்றமின் ஏ அளவுகடந்து செறிந்திருப்பதை 1943 இலேதான் ஆய்வாளர் காட்டினர். சத்து என்ற பெயரிருந்தால் எவ்வளவும் உண்ணலாம் என்று நம்பும் அன்பர்கள் அக்கரடியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தலையாய விடயத்துக்கு வருவோம். இந்நோயிற் பறிபோவது உயிரன்று, கண். மூளையைச் சூழ்ந்த நீர், பார்வை நரம்பின் உறைக்குள்ளும் கண்ணின் பின்புறம்வரை செல்கிறது. அமுக்கம் ஏறும்போது நரம்பு கண்ணுள் நுழையும் இடம் வீங்குகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் 1851 இல் அறிமுகப்படுத்திய கருவியினால் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்க முடிந்தது. பேர்லினில் இருந்த கண் மருத்துவர் வொன் கிரேஃபெ 1860 இல் இவ்வீக்கத்தை மூளைக் கட்டியுடன் தொடர்புபடுத்தி விவரித்தார். வீக்கம் நீடித்தால் நரம்பிழைகள் மடிகின்றன. பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து சுருங்குவதால், நடுப்பார்வை தெளிவாயிருக்கும்வரை நோயாளி இழப்பை உணர்வதில்லை. நெற்றிக்குத் தைலமும் நாளுக்கிரண்டு பனடோலுமாகக் காலங்கழித்தவர் சிலர் மருத்துவரிடம் வருவது, இழந்தது மீளாத கட்டத்திலேதான்.

ஆகவே தலையிடியோடு வரும் துணைவர்களைக் கவனித்தல் வேண்டும். குனியும்போதோ எழும்போதோ சில விநாடி கண் இருண்டு தெளிதல். நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் இரைச்சல் கேட்டல். ஒன்று இரண்டாய்த் தெரிதல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் கண்ணின் பின்புறத்தை உடனே மருத்துவரைக்கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். கண்ணாடியின் இலக்கத்தை மாற்றிக்கொண்டு திரும்புதல் போதாது.

தலையிடி இந்நோயின் நேர்மையான சாட்சியாக இருந்தால், அது கூடும்போது அமுக்கமும் கூடியது, அது நீங்கும்போது ஆபத்தும் நீங்கியது என்று இருந்துவிடலாம். அவ்வாறில்லை. மூளைத் திசுவுக்கு நோவுணர்ச்சியே கிடையாது. 1940 இல் நியூயோர்க் மருத்துவர்களான றேயும் வுல்ஃபும், மயக்கமின்றி விழித்திருந்தபடி அறுவைச் சிகிச்சை பெற்ற 30 பேரிடம், தலைக்குள் எவ்விடத்தைத் தொட்டால் நோகிறது என்று ஆராய்ந்தனர். மூளையுறையின் சில பகுதிகளும் பெருங்குருதிக் கலன்களும் நொந்தன, மூளை நோகவில்லை. மூன்றாண்டுக்குப்பின் அதே குழுவினர், அமுக்கத்தை மட்டும் செயற்கையாக உயர்த்திப் பார்த்தனர். அமுக்கம் ஏறியதே காரணமாகத் தலையிடி தோன்றவில்லை.

அண்மைக்காலச் சான்று இன்னும் தெளிவானது. வட அமெரிக்காவிலே 165 நோயாளரை வைத்து நடத்திய ஒரு பெருஞ்சோதனையின் முடிவுகள் 2014 முதல் வெளிவந்தன. நீர் சுரப்பதைக் குறைக்கும் அசெற்றசோலமைட் என்ற மருந்து, உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து பார்வைக்கு நலஞ்செய்தது. தலையிடிக்கு, போலிமாத்திரையைவிட அது மிகுதியாக ஒன்றும் செய்யவில்லை. தொடக்கத்தில் 84 சதவீதத்தினருக்குத் தலையிடி இருந்தது. அதன் கடுமைக்கும் ஊசிவழி அளந்த அமுக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. எஞ்சிய 16 சதவீதத்தினர், நரம்பு வீங்கியிருந்தும் தலையிடி இல்லாதிருந்தவர்கள்.

இதனால் வரும் அநீதி இருபுறமும் வெட்டுவது. தலையிடி தணிந்தவர் பிழைத்தோம் என்று மருத்துவமனைப் பக்கம் போகாதிருந்து கண்ணை இழக்கலாம். அமுக்கம் இறங்கிக் கண்ணும் தேறிய பின்னர், தலையிடி மட்டும் விடாதவளுக்கு வீட்டிலே நிகழ்வது வேறு. "டொக்டரே எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன படுக்கை?" என்று கேட்கின்றனர். கேட்போர் கொடியவரல்லர், அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் வேறொன்றை அளக்கும் கோல் என்பதை அறியாதவர்கள்.

நோவையே காட்டிக்கொடுக்கும் உயிரியற் குறிகாட்டி ஒன்றை ஆய்வாளர் தேடுவது இதனாலேதான். குருதியிலோ மூளைநீரிலோ அளக்கத்தக்க ஒரு பொருள் கிடைத்தால், நோவுக்கும் ஒரு வெப்பமானி வாய்த்ததாகும். அவர்கள் நோக்கு முதலிற் சென்றது சீ.ஜீ.ஆர்.பீ. என்ற சிறு புரதத்துண்டின்மேல். 37 அமினோவமிலங்கள் கோத்த சங்கிலி அது. முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்ச்சி தரும் ஐந்தாம் மூளை நரம்பின் முனைகள் இதனைச் சொரிகின்றன. குருதிக் கலன்கள் விரிகின்றன. நோவுச் செய்தி வலுக்கிறது. 1990 இல் கோட்ஸ்பி, எட்வின்சன் என்போர், ஒற்றைத் தலையிடி தாக்கும் வேளையில் கழுத்து நாளத்துக் குருதியில் இப்பொருள் மிகுதல் கண்டனர். மேற்கூறிய 165 பேரிலும் தலையிடியின் தன்மை பாதிப்பேருக்கு மேல் ஒற்றைத் தலையிடியை ஒத்தே இருந்தது. அமுக்கம் ஒரு தீக்குச்சிபோல் இந்நரம்பை மூட்டிவிட, குச்சி அணைந்த பின்னரும் அடுப்பு எரிகின்றதோ என்பது ஆய்வாளரின் ஐயம்.

இப்பொருளை அளந்து நோயை முடிவுசெய்தல் இன்னும் கைகூடவில்லை. குருதியிற் சில நிமிடங்களிலே சிதைந்துவிடுவது அது. எடுத்த மாதிரியைக் கையாளும் முறை சிறிது மாறினாலும் எண் மாறும். வேறு குறிகாட்டிகளும் ஆராயப்படுகின்றன. நரம்பிழையின் சட்டகத்திலிருந்து கசியும் ஒரு புரதம், பார்வை நரம்புக்கு நேரும் சேதத்தைக் காட்டும்போலத் தெரிகிறது. அது கண்ணின் கதை, தலையிடியின் கதையன்று.

அளக்க முடியாததைத் தடுத்துப் பார்ப்பதும் ஒரு சான்றுதான். சீ.ஜீ.ஆர்.பீ. பற்றும் வாயிலை அடைக்கும் எரெனுமாப் என்ற ஊசிமருந்து, ஒற்றைத் தலையிடிக்கென 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் ஆய்வாளர், நரம்பு வீக்கம் தணிந்தும் தலையிடி தணியாத 55 பேருக்கு அதனைக் கொடுத்து 2021 இல் முடிவை வெளியிட்டனர். கடுந் தலையிடி நாட்கள் பெரிதும் குறைந்தன. ஆனால் அச்சோதனையிற் போலிமருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆதலின் அதன்மேற் பெரிய மாளிகை கட்டலாகாது. அமுக்கத்தைக் குறைப்பதால் தலையிடிக்குப் பயனே இல்லையென்று கொள்ளுதலும் தவறு. பேர்மிங்ஹாமிலேயே 2010 இல் 25 பெண்கள் மூன்று மாதம் மிகக் குறைந்த உணவில் இருந்து நிறை குறைத்தபோது, அமுக்கமும் இறங்கிற்று, தலையிடியும் தணிந்தது. மருத்துவ மேற்பார்வையின்றி அத்தகைய பட்டினியை எவரும் வீட்டிற் செய்து பார்க்கலாகாது.

குறிகாட்டி கிடைக்கும்வரை மருத்துவர் கையாளும் கருவி மிக எளியது. மாதத்தில் எத்தனை நாள் இடித்தது, எத்தனை நாள் மாத்திரை எடுத்தது என்று நோயாளியே எழுதும் ஒரு நாட்குறிப்பும், ஆறு வினாக்கள் கொண்ட ஒரு தாளும். நோவு கடுமையாவது எத்தனை தரம், அன்றாட வேலை தடைப்படுகிறதா, படுத்துவிடலாம் என்று தோன்றுகிறதா, என்றவாறு அவ்வினாக்கள் போகும். விடைகளுக்குக் கிடைக்கும் புள்ளி குறைந்தது 36, கூடியது 78. மாத்திரை நாட்களை எழுதுவதில் ஒரு நயமும் உண்டு. மாதத்திற் பதினைந்து நாளோ அதற்கு மேலோ பரசிற்றமோல் விழுங்குவோருக்கு, அம்மாத்திரையே புதிய தலையிடியை வளர்ப்பதுண்டு. அதை ஊசியும் காட்டாது, கண் பார்க்கும் கருவியும் காட்டாது; நாட்குறிப்புத்தான் காட்டும்.